சமவெளி ஆறுகளில் மீன் குஞ்சுகள் எங்கே வளர்கின்றன?

கேள்வி இது: சமவெளியில் நிதானமாக ஓடும் பெரிய ஆறுகளில் மீன் குஞ்சுகள் எப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகின்றன? ஆற்றைத் தூர்வாரி, கரையைச் சீராக்கி, ஆழத்தைக் கூட்டினால் மீன் பெருகும் என்கிறார்களே, அது சரியா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய மீனுக்கு ஆழம் உதவலாம். குஞ்சுக்கு, அதிலும் முட்டையை விட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களில், அது பெரும்பாலும் கெடுதல். ஆறு எவ்வளவு அகலமாக இருந்தாலும் குஞ்சு பிழைப்பது கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில்தான். அங்கே தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும், ஓட்டம் இருப்பதே தெரியாது. தூர்வாரும் இயந்திரம் முதலில் அழிப்பது அந்தப் பட்டையைத்தான்.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். குஞ்சுக்கு 'இது பிடித்த இடம்' என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஆறு மில்லிமீட்டர் நீளத்தில் ஓரிடம் வேண்டும், பதினைந்து மில்லிமீட்டரில் வேறிடம், நான்கு செ.மீ. வந்ததும் மூன்றாவது ஓர் இடம், குளிர் வந்தால் நான்காவது. இந்த இடங்கள் எல்லாம் அதன் சின்ன உடம்பால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஆண்டுக் குஞ்சு தேறாது. இந்த விஷயத்தில் நான் சொல்ல நினைப்பதன் சாரம் இதுதான். மற்றதெல்லாம் இது ஏன் என்பதற்கான விளக்கம்.

உடம்பின் அளவிலிருந்து தொடங்குவோம். முட்டை பொரிந்து சில நாட்களே ஆன கெண்டை இனக் குஞ்சைப் பார்க்க வேண்டுமென்றால், காற்றில்லாத காலையில் கரையோரப் புல் தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தால் மெதுவாக மொண்டு நிழலில் வையுங்கள். முதலில் எதுவும் தெரியாது. பிறகு இரண்டு கரும்புள்ளிகள் சேர்ந்தே நகர்வது கண்ணில் படும். அவை கண்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உடனே தெரியாது. கிண்ணத்தின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால், சற்று நேரம் கழித்து முதுகெலும்பின் கோடும், அதன் கீழே காற்றுப்பையின் வெள்ளிப் பளபளப்பும் தெரியும். மார்புப் பக்கத்துச் சிறு துடுப்புகளைத் தவிர, துடுப்பு என்று சொல்லும்படி தனித்தனியாக எதுவும் இருக்காது. உடம்பைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஓடும், அவ்வளவுதான். விரலால் கிண்ணத்தைத் தட்டினால் சடாரென்று ஒரு துள்ளல், உடனே நின்றுவிடும். சறுக்கிக்கொண்டு போகாது.

அந்தச் சறுக்கல் இல்லாததில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய மீன் வாலை ஒருமுறை வீசிவிட்டால் உந்துவிசையிலேயே கொஞ்ச தூரம் போகும். ஆறு மில்லிமீட்டர் உடம்புக்குத் தண்ணீரின் பிசுபிசுப்பே பெரிய தடை. நாம் வெல்லப்பாகில் நீந்துவது போன்றது அதன் நிலைமை. அசைவை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும். அதன் முழுப்பலமும் சேர்த்தாலும் நொடிக்குத் தன் நீளத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்தான், அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டுமே. கணக்குப் போட்டால் நொடிக்கு ஆறேழு செ.மீ. வரும். நிதானமாக ஓடுகிறது என்று நாம் சொல்லும் ஆற்றின் நடுவில் கூட ஓட்டம் நொடிக்கு முப்பது, நாற்பது செ.மீ. சாதாரணமாக இருக்கும். ஆகவே 'குஞ்சு கரையோரத்தை விரும்புகிறது' என்பது பாதி உண்மைதான். வேறு எங்கேயும் அதனால் நிற்க முடியாது என்பது மீதி.

பொரிந்த முதல் சில நாட்கள் குஞ்சு நீந்தவே முயலாது. மஞ்சள் கரு நிறைந்த பையைச் சுமந்துகொண்டு கிடக்கும். சாதாக் கெண்டை போன்ற மீன்கள் ஒட்டும் தன்மையுள்ள முட்டையைப் பாசியிலும் நீரில் மூழ்கிய புல்லிலும் இடுகின்றன. அதிலிருந்து வரும் குஞ்சின் தலையில் ஒட்டுச் சுரப்பி உண்டு. அதைக்கொண்டு செடியிலேயே தொங்கிக் கிடக்கும். கூழாங்கல்லில் முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் இதற்கு நேர்மாறு. வெளிச்சத்துக்குப் பயந்து கற்களின் இடுக்கில் பதுங்கும், மஞ்சள் கரு தீர்கிற சமயத்தில்தான் வெளியே வரும். எந்த வகையானாலும் அடுத்து ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. பெரும்பாலான கெண்டை இனங்களில், குஞ்சு நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் காற்றுப்பையை நிரப்ப வேண்டும். அப்போது மேல்மட்டத்தில் அலையடித்தால், அல்லது ஆழம் அதிகமாகி மேலே வரும் தூரம் நீண்டுவிட்டால், வேலை கெட்டுவிடும். காற்றுப்பை நிரம்பாத குஞ்சு மூழ்கி மூழ்கியே வலுவிழக்கும்.

அப்புறம் சாப்பாடு. குஞ்சின் வாய் அளவுக்கு முதலில் பொருந்துவது சக்கர உயிரி போன்ற மிக நுண்ணிய மிதவை உயிர்கள். சில நாட்களில் டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு வகைகள், அதற்கப்புறம் சிறு பூச்சிப்புழுக்கள். இந்த மிதவை உயிர்களுக்கும் ஓட்டம் ஆகாது. பெருகுவதற்கு முன்பே தண்ணீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். எங்கே தண்ணீர் சில நாட்களாவது தங்குகிறதோ அங்கேதான் அவை பெருகும். அங்கேதான் வெயிலில் நீர் நடு ஆற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடேறும். அங்கேதான் குஞ்சாலும் நிற்க முடியும். தேக்கம், சூடு, உணவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பதால்தான் கரையோரம் நாற்றங்கால் ஆகிறது. இதில் ஒன்றை மட்டும் செயற்கையாக உண்டாக்கிவிட்டு மீன் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இங்கிலாந்தின் கிரேட் ஊஸ் ஆறு இதற்கு நல்ல பாடம். 230 கிலோமீட்டர் ஓடி, கிங்ஸ் லின் நகரத்தருகே கடலில் சேரும் தாழ்நில ஆறு அது. அதன் கீழ்ப்பகுதியைச் சதுப்பு நிலத்தை வடிப்பதற்காக 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுப் பொறியாளர் வெர்முய்டனின் திட்டப்படி நேர்க்கோட்டில் வெட்டிவிட்டார்கள். மேலே படகுப் போக்குவரத்துக்காகத் தடுப்பணைகளும், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் வந்தன. கோடையில் அந்த ஆறு கிட்டத்தட்ட நகராது. ஓட்டம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அங்கே குஞ்சுகள் கொழிக்க வேண்டும். ஆனால் 1990களில் அங்கே ரோச் என்னும் கெண்டை இன மீனின் குஞ்சுகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. ஆற்றின் பிரதான ஓடையில் மிதவை உயிர்கள் கோடைத் தொடக்கத்தில் சில காலம் பெருகிவிட்டு அப்படியே வற்றிப்போயின. குஞ்சுகள் வேறு வழியில்லாமல் இலைகளிலும் கற்களிலும் படிந்திருக்கும் வழுவழுப்பான பாசிப்படலத்தை மேயத் தொடங்கின. வயிறு நிரம்பும், சத்து குறைவு, வளர்ச்சி தளர்ந்துவிட்டது.

அதே ஆற்றின் ஓரத்தில் படகுகளை நிறுத்தத் தோண்டிய குடாக்களில் நிலைமை நேர்மாறாக இருந்தது. வாய் மட்டும் ஆற்றோடு இணைந்து, உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்கள் அவை. மிதவை உயிர்கள் அடர்த்தியாக இருந்தன, குஞ்சுகளும் திரண்டிருந்தன. படகுக்காரர்களின் வசதிக்காகத் தோண்டிய குழி, ஆறு இழந்துவிட்ட பக்கநீர்த் தேக்கங்களின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மீன்வளத்துக்கென்று யாரும் திட்டமிட்டது கிடையாது.

பிரதான ஓடையில் குஞ்சுகளுக்கு மிச்சமிருந்த ஒரே புகலிடம் மஞ்சள் அல்லிப் படுகைகள். அகன்ற இலைகளும் தண்டுகளும் கரையோரத்தில் ஓட்டத்தை இன்னும் தணித்து, மிதவை உயிர்களைத் தக்கவைத்து, மறைவும் கொடுத்தன. வெள்ளநீர் தடையில்லாமல் வடிய வேண்டும் என்று அங்கே கோடையில் நீர்த்தாவரங்களை வெட்டுவது வழக்கம். வெட்டிய இடங்களில் டாஃப்னியா வகைகள் குறைந்து, ரோச் குஞ்சுகள் பாசிப்படலத்துக்கு மாறி, வளர்ச்சி பின்தங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மூரில் 'பாசியைச் சுத்தம் பண்ணுகிறோம்' என்று கரை முழுக்க ஒரே நாளில் வாரி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். ஆகாயத்தாமரையை எடுப்பது வேறு. அது நீர்மட்டத்தையே மூடி, அடர்ந்த பகுதியின் நடுவில் கீழே ஆக்சிஜனைக் குறைத்துவிடும். ஆனால் நாணல், கோரை, நீருக்குள் வளரும் வேலம்பாசி ஆகியவற்றையும் சேர்த்து வழித்தெடுத்தால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமே இருக்காது.

செடிதான் எல்லாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. டான்யூப் ஆற்றில் 'நேஸ்' என்று ஒரு மீன் உண்டு. நாற்பது, ஐம்பது செ.மீ. வரை வளரும், ஓட்டத்தை விரும்பும், கூழாங்கல்லில் வசந்த காலத்தில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கற்களுக்கிடையிலிருந்து வெளியே வந்ததும் பெரும்பாலும் இரவில் ஓட்டத்தோடு மிதந்து கீழே போகின்றன. போகிற வழியில் கரையோரம் எங்கே ஒரு சின்னக் குடைவு இருக்கிறதோ, எங்கே சரளைத் திட்டுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று தேங்குகிறதோ அங்கே ஒதுங்குகின்றன. அங்கே செடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை; சாய்வான சரளைக் கரையும் தேங்கிய நீரும் போதும். வளர வளர சற்று வேகமான தண்ணீருக்கு நகர்கின்றன, குளிர்காலத்தில் மறுபடியும் தேங்கிய ஓரங்களுக்கும் பக்க ஓடைகளுக்கும் திரும்புகின்றன. வியன்னாவின் ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஷீமரும் அவருடன் இருந்தவர்களும் இந்த ஆற்றில் பல காலம் வேலை செய்து காட்டியது, கரைக்கோடு எவ்வளவுக்கு எவ்வளவு வளைந்து நெளிந்து குடைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு குஞ்சுகள் தங்குகின்றன என்பதே.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கோடையில் ஆற்றில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மேலே மழை பெய்தால் அரை மீட்டர் ஏறும், இரண்டு நாளில் இறங்கும். சாய்வான சரளைக் கரையில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் என்ன நடக்கும்? நீரின் விளிம்பு பத்து மீட்டரோ இருபது மீட்டரோ பின்னால் போகும். பழைய விளிம்பில் ஓட்டம் கூடிவிட்டாலும், புதிய விளிம்பில் மறுபடியும் கணுக்கால் ஆழத் தேக்கம் உண்டாகியிருக்கும். குஞ்சு விளிம்போடு சேர்ந்து பின்வாங்கி, இறங்கும்போது கூடவே இறங்கிவிடும். அதே கரையைக் கருங்கல் அடுக்கிச் செங்குத்தாக்கியிருந்தால், தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலும் விளிம்பு அதே இடத்தில்தான் இருக்கும். ஆழமும் வேகமும் மட்டும் கூடும். குஞ்சு பின்வாங்க இடம் இருக்காது, ஆற்றோடு போகும். ஒரே ஆறு, ஒரே மழை. கரையின் சாய்வு ஒன்றுதான் வித்தியாசம்.

டான்யூபை வியன்னா அருகே 1870 முதல் 1875 வரை நேராக்கினார்கள். அதற்குப் பிறகு கரை முழுக்கக் கல்லடுக்கு. வியன்னாவுக்குக் கீழே ஸ்லோவாக்கிய எல்லை வரையுள்ள பகுதியில் அணை கட்டாமல் தடுத்து 1996இல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, ஹைன்பர்க் நகரத்துக்கு எதிர்க்கரையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லை எடுத்துவிட்டு ஆற்றையே கரையை அரிக்க விட்டார்கள். கரை அரிப்பைப் பெருந்தொல்லையாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அரிப்பு இல்லையென்றால் திட்டு இல்லை, திட்டு இல்லையென்றால் அதற்குப் பின்னால் தேக்கம் இல்லை. நெதர்லாந்தில் வால் என்னும் ஆற்றின் ஓரத்தில் கமேரன் என்ற இடத்தில் 1990களின் பிற்பகுதியில் பக்க ஓடைகளைப் புதிதாக வெட்டியதும் இதே நோக்கத்தில்தான். பிரதான ஓடையில் நிற்க முடியாத, ஆனால் ஓட்டம் பிடித்த இனங்களின் குஞ்சுகள் அந்த ஓடைகளை நாற்றங்காலாக எடுத்துக்கொண்டன.

கப்பல் ஓடும் ஆறுகளில் இன்னொரு சங்கடம். ரைன், எல்பே போன்ற ஆறுகளில் கரையிலிருந்து நடு ஆற்றை நோக்கிக் கல்லால் நீட்டிய தடுப்புகள் வரிசையாக இருக்கும். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும். பார்த்தால் குஞ்சுக்கு ஏற்ற இடம் மாதிரியே இருக்கும், குஞ்சுகளும் வருகின்றன. ஒரு சரக்குப் படகு கடக்கும்போது கரையோரத்தைப் பாருங்கள். முதலில் தண்ணீர் கரையிலிருந்து உறிஞ்சப்பட்டது போல இழுத்துக்கொண்டு போகும். சேற்று விளிம்பு வெளியே தெரியும். சில நொடிகளில் அலையாகத் திரும்பி வந்து அடிக்கும். அந்த இழுப்பின் வேகத்துக்கு முன்னால் சின்னக் குஞ்சால் நிற்க முடியாது. சில கரையில் ஒதுங்கிச் சாகும், சில நடு ஆற்றுக்கு இழுபட்டுப் போகும். நாள் முழுக்கப் படகுகள் கடக்கும் ஆற்றில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே வரைபடத்தில் 'தேக்கமான இடம்' என்று நிறம் தீட்டிவிட்டால் போதாது. அது நாள் முழுக்கத் தேக்கமாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆழத்தைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். ஆழமற்ற நீரில் குஞ்சு இருப்பதற்கு ஓட்டமும் சூடும் மட்டும் காரணமில்லை. பெரிய மீன்கள் அங்கே வர முடியாது. கணுக்கால் ஆழத்தில் ஒரு வாளை புரள முடியுமா? ஆனால் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் அதே இடம் வசதி. அதனால்தான் மிகச் சிறிய குஞ்சு ஆழமற்ற இடத்திலும், நான்கைந்து செ.மீ. தாண்டியது சற்று ஆழமான இடத்திலும் இருக்கும். பறவைக்குச் சின்னது லாபமில்லை, பெரியதுதான் கண்ணில் படும்; மீனுக்கு எல்லாமே தீனி. நீரில் சாய்ந்த மரக்கிளையும் வேர்த்தொகுதியும் இரண்டு பகைவரிடமிருந்தும் காக்கும். அதனால் கரையில் விழுந்த மரத்தை உடனே இழுத்துப்போட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

பகலில் இருக்கும் இடமும் இரவில் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் செடிக்குள் பதுங்கியிருக்கும் குஞ்சுகள் அந்தி சாய்ந்ததும் மிதவை உயிர்களைத் தேடித் திறந்த நீருக்கு வரும் ஆறுகள் உண்டு. இரவில் மணற்கரையின் ஆழமற்ற விளிம்புக்கு ஒதுங்கும் ஆறுகளும் உண்டு. ஆகையால் பகலில் மட்டும் வலை போட்டு 'இங்கே குஞ்சு இல்லை' என்று எழுதிய அறிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வலையிலேயே இன்னொரு கோளாறும் இருக்கிறது. இழுவலை செடியில்லாத சமமான கரையில்தான் ஓடும். வேரும் கல்லும் உள்ள இடத்தில் ஓடாது. குஞ்சு அதிகம் இருக்கும் இடத்தில் வலை போக முடியாது என்றால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு? இதற்காகத்தான் ஐரோப்பாவில் 1980களிலிருந்து வேறொரு முறை பரவலானது. சிறிய மின்முனையைத் திடீரென்று ஓரிடத்தில் நீரில் அமிழ்த்தி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் மயங்கும் குஞ்சுகளைக் கைவலையால் எடுத்து எண்ணுவார்கள். அங்கே ஆழம், ஓட்டம், செடி, அடிமண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த புள்ளி. இப்படி நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சேர்த்தபோதுதான், ஒரே இனத்தின் குஞ்சு வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

சரி, வெள்ளம்? ஆறு கரைபுரண்டு வயலிலும் காட்டிலும் பரவினால்தான் மீன் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. 1989இல் ஜுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூவர் அதை 'வெள்ளத் துடிப்பு' என்ற கோட்பாடாகவே எழுதினார்கள். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியைப் பார்த்தால் மறுக்க முடியாது. மழைக்காலத்தில் மீகாங் பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆற்றைத் திசைதிருப்பி உள்ளே தள்ளுகிறது. வறண்ட காலத்தில் 2,500 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் ஏரி 15,000 சதுர கி.மீ. வரை விரிகிறது. மேலே மீகாங்கில் பொரிந்த குஞ்சுகள் அந்தத் தண்ணீரோடு மிதந்து வந்து, மூழ்கிய காட்டில் வளர்கின்றன.

ஆனால் ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆறுகளில் ஹம்ப்ரீஸ், கிங், கோன் ஆகிய மூவர் 1999இல் கிட்டத்தட்ட நேர்மாறானதைச் சொன்னார்கள். அங்கே பல சிறிய மீன் இனங்கள் வெள்ளத்துக்குக் காத்திருப்பதில்லை. கோடையில் ஆறு வற்றி, ஓட்டம் குறைந்து, கரையோரத் தேக்கங்களில் சூடும் உணவும் செறிந்திருக்கும்போது முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. இரண்டில் எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. வெள்ளம் எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும், அப்போது தண்ணீர் சூடாக இருக்குமா என்பதைப் பொறுத்தது அது. மீகாங்கில் வெள்ளம் வருடா வருடம் ஒரே பருவத்தில் வருகிறது, மாதக்கணக்கில் நிற்கிறது, தண்ணீரும் வெதுவெதுப்பானது. மர்ரே பகுதியில் வெள்ளத்தை நம்ப முடியாது. இரண்டு இடத்திலும் குஞ்சுக்கு வேண்டியது ஒன்றுதான்: சூடான, ஆழமற்ற, தேங்கிய நீர். ஓரிடத்தில் அதை வெள்ளம் உண்டாக்குகிறது, இன்னோரிடத்தில் வறட்சி. இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றிலும் இதே கதை. வெப்பமான கோடையில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்து, குளிர்காலத்தைத் தாங்கும் அளவுக்கு வருகின்றன. ஆனால் அதே கோடையில் தவறான வாரத்தில் ஒரு வெள்ளம் வந்துவிட்டால் வெயில் செய்த உதவி வீண்.

நம் பக்கத்து மீன்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் முட்டை எதிலும் ஒட்டாது. மழைக்காலப் புதுவெள்ளத்தில் இடப்பட்டு, நீர் உறிஞ்சி உப்பி, ஓட்டத்தோடு உருண்டும் மிதந்தும் போகும். நம் தட்பவெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அதாவது குஞ்சு பிறக்கும்போதே பயணத்தில் இருக்கிறது. வழியில் எங்காவது பரந்த படுகையோ, பழைய ஆற்று வளைவு தனியாகப் பிரிந்து உண்டான ஏரியோ அதை ஏந்திக்கொள்ள வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில் 'பீல்' என்று சொல்லும் நீர்நிலைகள் செய்துவந்த வேலை அதுதான். வங்கதேசத்தின் ஹல்தா ஆற்றில் இன்றும் இடிமழை நாட்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, மக்கள் படகில் போய் ஆற்றிலிருந்து கெண்டை முட்டைகளை அள்ளிவந்து கரையில் மண்குழிகளில் பொரிக்கவைக்கிறார்கள். அந்த ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கியது முட்டையிடும் இடங்களைக் குறைத்தது என்பது அங்கே வெகுநாளாக இருக்கும் குறை. இந்தியாவிலும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌதுரி குழுவினர் ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைக்கும் வரை, மீன் வளர்ப்புக்கு ஆற்றுக் குஞ்சைத்தான் நம்பியிருந்தார்கள். குஞ்சுப் பண்ணைகள் வந்த பிறகு 'விரலி விட்டால் போயிற்று' (விரலி என்றால் விரல் நீளம் வளர்ந்த குஞ்சு) என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆற்றில் விரலி விடுவது தப்பில்லை. ஆனால் விரலியாக வளர்வதற்கான இடத்தையே ஆற்றில் இல்லாமல் செய்துவிட்டு வருடா வருடம் பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

எல்லா மீனும் இந்த விதிக்கு ஒரே மாதிரி உட்படாது. விராலின் குஞ்சுகள் செடி அடர்ந்த தேக்கத்தில் செந்நிறக் கூட்டமாக மேலே வந்து வந்து போகும், பெற்ற மீன் கீழே காவல் இருக்கும். ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றி, பிறகு வெயிலில் காயும் கணுக்கால் தண்ணீரில் விட்டுவிடும். பெற்றோர் காவல் இருப்பதால் இவை கெட்டுப்போன ஆற்றிலும் தாக்குப்பிடிக்கின்றன. ஓட்டத்தோடு முட்டையை விட்டுவிட்டுப் போகும் இனங்கள்தான் முதலில் காணாமல் போகும். ஓர் ஆற்றில் ஜிலேபி நிறைய கிடைக்கிறது என்பதை ஆறு நன்றாக இருப்பதற்கு அடையாளமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி தூர்வாரும் விஷயம். வெள்ளம் வடிய, பாசனத்துக்குத் தண்ணீர் போக, தூர்வாரித்தான் ஆக வேண்டும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது, மறுக்கவில்லை. எப்படி என்பதில்தான் பேச்சு. நடுவில் ஆழப்படுத்திவிட்டு, ஒரு பக்கக் கரையையாவது தொடாமல் விடலாம். வாரிய மண்ணைக் கரைமேல் செங்குத்தாகக் கொட்டாமல் சாய்வாகப் பரப்பலாம். திட்டு இருந்தால் அதன் தலைப்பகுதியை எடுத்தாலும் பின்புறத் தேக்கத்தை விட்டுவைக்கலாம். நாணலையும் கோரையையும் ஒரே வருடத்தில் முழுக்க எடுக்காமல் துண்டு துண்டாக, மாறி மாறி எடுக்கலாம். முட்டையிடும் பருவத்திலும் அதற்கடுத்த இரண்டு மாதங்களிலும் இயந்திரத்தை ஆற்றில் இறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. மணல் அள்ளும் இடங்களில் இந்த எதுவும் நடப்பதில்லை. கரையை ஒட்டி ஆளுயரப் பள்ளம் விழுந்த பிறகு அங்கே குஞ்சு நிற்க இடமில்லை, உள்ளே இருக்கும் வாளைக்கும் கெளுத்திக்கும்தான் கொண்டாட்டம்.

கதவணையிலிருந்தோ மதகிலிருந்தோ தண்ணீர் திறப்பதிலும் கவனிக்க ஒன்று உண்டு. மெதுவாக ஏற்றினால் குஞ்சு விளிம்போடு நகரும். திடீரென்று நிறுத்தினால்தான் ஆபத்து. விளிம்புப் பள்ளங்களில் மாட்டிக்கொண்ட குஞ்சுகள் வெயிலில் சில மணி நேரத்தில் போய்விடும், மறுநாள் காலையில் அங்கே கொக்குக் கூட்டத்தைப் பார்க்கலாம். அடைப்பதை ஒரே மூச்சில் செய்யாமல் பல மணி நேரத்துக்குப் பரப்பிச் செய்வதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது. கதவை இயக்குபவருக்கு அது எதற்கென்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.